ஒளிச்சுவரில் பழங்காலப் பெண்கள்: கண்டெடுத்தது எது, கற்பனை எது?

எகிப்தின் அரசிகள் பள்ளத்தாக்கில் இருக்கும் நெஃபர்தாரியின் கல்லறையில் அவருடைய கணவர் இரண்டாம் ராம்சேஸின் உருவம் எங்குமே வரையப்படவில்லை. நாடு முழுக்கத் தன் சிலைகளை நிறுத்திவைத்த மன்னர் அவர். இங்கோ, ஏறக்குறைய 520 சதுர மீட்டர் பரப்பில் தீட்டப்பட்ட சுவர்களில் பட்டத்தரசி மட்டுமே தெய்வங்களைச் சந்திக்கப் போகிறார். ஐசிஸ் அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறாள். ஓரிடத்தில் எதிரே ஆளில்லாமல் செனெட் என்ற பலகை விளையாட்டு ஆடுகிறார். இன்னோரிடத்தில் எழுத்தின் தெய்வமான தோத்தின் முன் நின்று எழுதுபலகையும் நீர்க்கிண்ணமும் கேட்கிறார். ஹிட்டைட் அரசி புதுஹேபாவுக்கு நெஃபர்தாரியின் பெயரில் போன கடிதம் ஆப்பெழுத்துக் களிமண் பலகையாக இன்றைய துருக்கியில் கிடைத்திருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்க்கும்போது, தோத்தின் முன் அவர் நிற்கும் காட்சியை வெறும் சடங்கு என்று கடந்துபோக முடியவில்லை.

1904இல் இத்தாலியர் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி இந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தபோதே ஓவியங்கள் உதிரத் தொடங்கியிருந்தன. பாறையில் இருந்த உப்பு காரைக்கு அடியில் படிகமாகித் திரண்டு வண்ணத்தைச் சுவரிலிருந்து பெயர்த்துத் தள்ளியது. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த இடத்தை 1986 முதல் 1992 வரை எகிப்தியத் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து சீர்செய்தன. 1995இல் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. உள்ளே வருபவர்களின் மூச்சும் வியர்வையுமே ஈரப்பதத்தைக் கூட்டி உப்பை மறுபடி கிளப்பிவிடும். பார்க்க வருகிறவர்களே பார்க்கப்படும் பொருளுக்குக் கேடாகும் இந்த நிலைதான் மெய்நிகர் கண்காட்சிகளுக்கான முதல் நியாயம். 2018இல் இந்தக் கல்லறைக்குள் நடந்து பார்க்கும் மெய்நிகர் படைப்பு ஒன்று வெளியானது.

அடிப்படையில் இது கணக்கு வேலை. ஒரு சுவரை ஆயிரக்கணக்கான கோணங்களில், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிநிற்கும்படி படம் எடுக்கிறார்கள். ஒரே புள்ளி பல படங்களில் எந்தெந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்து, அந்தப் புள்ளி முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கணக்கிடுகிறது. லேசர் அளவீடும் சேர்ந்தால் தூரிகைத் தடமும் காரை விரிசலும்கூட முப்பரிமாணத்தில் பதிவாகிவிடும். பிறகு அதை மெய்நிகர் கண்ணாடிக்குள்ளும் காட்டலாம், புரொஜெக்டர்களைக் கொண்டு ஒரு கூடத்தின் சுவர்களிலும் வீழ்த்தலாம்.

இந்த இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். என் பார்வையில் இவை வேறு வேறு. முதல் வகை, இருந்த இடத்தை இருந்த அளவில் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டாவது வகையில் பெரும்பாலும் ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்து ஐந்து மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கி, இசையோடு மிதக்கவிடுகிறார்கள். நெஃபர்தாரியின் சுவர்களில் வரிசை முக்கியம். முன்னறையிலிருந்து படிக்கட்டு வழியே இறங்கி, நான்கு தூண்கள் நிற்கும் புதைப்பறைக்குப் போகும் வழிதான் அவர் இறந்தோரின் தெய்வமான ஒசிரிஸின் உலகத்துக்குப் போகும் வழி. வரிசையைக் குலைத்தால் பயணம் போய்விடும். அலங்காரம் அணிந்த அழகி ஒருத்திதான் மிஞ்சுவார்.

பார்ப்பவரைச் சுற்றிலும் ஓவியத்தால் சூழ்ந்துகொள்வது பழங்காலத்தவரே செய்த வேலை. பொம்பெய் நகரச் சுவருக்கு வெளியே 1909இல் தோண்டியெடுத்த மர்மங்களின் மாளிகையில், கி.மு. முதல் நூற்றாண்டில் தீட்டிய ஓர் அறை இருக்கிறது. சிவப்புப் பின்னணியில் ஏறத்தாழ ஆளுயரத்தில் 29 உருவங்கள், பெரும்பாலும் பெண்கள், அறையைச் சுற்றி நிற்கிறார்கள். மதுத் தெய்வமான டயோனிசஸின் வழிபாட்டில் ஒரு பெண் சேர்க்கப்படும் சடங்கு என்கிறார்கள் சிலர். மணப்பெண்ணின் தயாரிப்பு என்கிறார்கள் வேறு சிலர். எப்படியிருந்தாலும் ஓவியர் அறையின் மூலையைப் பயன்படுத்திய விதத்தைப் பாருங்கள். ஒரு சுவரின் கோடியில் சிறகு முளைத்த உருவம் சாட்டையை ஓங்குகிறது. அடியை எதிர்பார்த்து மண்டியிட்டிருக்கும் பெண் அடுத்த சுவரில் இருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாம் நிற்கும் காற்று. புத்தகத்தில் இந்த ஓவியத்தை நீளப்பட்டையாக அச்சிடும்போது அந்த மூலை தட்டையாகி, சாட்டையும் முதுகும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அறையின் அளவையும் மூலையையும் அப்படியே காப்பாற்றும் மெய்நிகர் வடிவத்தால் புத்தகம் இழந்ததை மீட்க முடியும். துண்டு துண்டாக மிதக்கவிடும் கூடத்தால் அது முடியாது.

அடுத்தது வண்ணம். ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பிரசிக்லியா என்ற இளம்பெண்ணின் பளிங்குச் சிலை நிற்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் அவளுடைய சமாதிமேல் வைக்கப்பட்டது. பாரோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டியன் செதுக்கியது. திருமணத்துக்கு முன்பே இறந்ததால், மனைவி என்ற பெயருக்குப் பதிலாகக் கன்னி என்ற பெயரே தனக்கு என்றென்றும் நிலைக்கும் என்று அவளே பேசுவதுபோல் பீடத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பீடம் நெடுங்காலம் ஒரு தேவாலயக் கட்டடத்தில் கல்லோடு கல்லாக இருந்தது. சிலை 1972இல்தான் பக்கத்து நிலத்தில் ஒரு குழியிலிருந்து வெளிவந்தது. பெயரும் உடலும் அப்போதுதான் மறுபடி சேர்ந்தன. மண்ணுக்குள் இருந்ததால் வண்ணமும் ஓரளவு தப்பியது: சிவப்பு ஆடை, அதில் பூக்கள், ஆங்காங்கே பொற்தகடு. ஜெர்மானிய அறிஞர்கள் வின்சென்ஸ் பிரிங்க்மனும் உல்ரிகே கோஹ்-பிரிங்க்மனும் இதற்கு முழு வண்ண மறுவடிவம் செய்திருக்கிறார்கள். 2003இல் மியூனிக்கில் தொடங்கிய அவர்களுடைய வண்ணச் சிலைக் கண்காட்சி, வெள்ளைப் பளிங்கே கிரேக்க அழகு என்ற நம்பிக்கையை அசைத்தது.

கண்ணுக்குத் தெரியாத வண்ணத்தையும் கண்டுபிடிக்க வழியுண்டு. எகிப்திய நீலம் என்ற செயற்கை நிறமிமேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அது அகச்சிவப்பில் ஒளிரும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைக் கழற்றிய சாதாரண டிஜிட்டல் கேமராவே அதைப் பிடித்துவிடும். ஆய்வாளர் ஜொவான்னி வெர்ரி வளர்த்தெடுத்த இந்த முறையால், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பார்த்தினான் சிற்பங்களில் தெய்வப் பெண்களின் ஆடை மடிப்புகளுக்குள் வண்ணத் தடயங்கள் தெரியவந்தன. இந்த ஆய்வு 2023இல் வெளியானது. இப்படிக் கிடைத்த தடயத்தைச் சிலையைத் தொடாமல் அதன்மேல் ஒளியாக வீழ்த்திக் காட்டலாம். விளக்கை அணைத்தால் பழைய கல் பழையபடி நிற்கும். தொழில்நுட்பம் தரக்கூடிய மிகக் கண்ணியமான உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

கண்ணியம் என்று சொல்லக் காரணம் உண்டு. கிரீட் தீவின் நொஸ்ஸோஸ் அரண்மனையில் 1903இல் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் கண்டெடுத்த பாம்பு தேவியின் சிறு உருவம் உலகப் புகழ் பெற்றது. இரு கைகளிலும் பாம்பு, தலைமேல் பூனை, உற்றுநோக்கும் முகம். ஆனால் மண்ணிலிருந்து வந்தபோது அதற்குத் தலையே இல்லை. இடக்கையின் பெரும்பகுதியும் இல்லை. முகம் எவன்ஸிடம் வேலை செய்த டேனிஷ் ஓவியர் ஹால்வர் பாகே கொடுத்தது. பூனை தனியாகக் கிடைத்த துண்டு. அதே அரண்மனையின் நீல உடைப் பெண்கள் ஓவியமும் சில சிதறல்களிலிருந்து ஓவியர் எமில் கிலியெரோன் நிரப்பித் தீட்டியது. இருபதாம் நூற்றாண்டு ஆண்கள் சிலர் கற்பனை செய்த முகங்கள், கிரீட்டின் பண்டைய மினோவப் பெண்களின் முகங்களாகப் பாடநூல்களில் குடியேறிவிட்டன. அன்று அதற்குச் சாந்தும் தூரிகையும் பல மாத உழைப்பும் தேவைப்பட்டன. இன்று ஒரு கணினிக் கலைஞர் ஒரு பிற்பகலில் செய்துவிடுவார். அது அசையும், பேசும், நம் கண்ணைப் பார்க்கும்.

ஆகவே இத்தகைய காட்சிகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: கிடைத்த பகுதியும் ஊகித்த பகுதியும் பிரித்துத் தெரிய வேண்டும். ரோமின் அமைதிப் பலிபீடத்தில் குழந்தைகளை மடியில் வைத்திருக்கும் பெண் பூமித் தாயா, இத்தாலியா, சீரிஸா, அமைதித் தெய்வமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. அச்சிட்ட குறிப்பு நான்கு பெயரையும் தாங்கும். கண்ணாடிக்குள் ஒலிக்கும் குரல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத் துடிக்கும். இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் கிடைத்த பெப்லோஸ் கோரே என்ற பெண் சிலைக்கு பிரிங்க்மன் ஒரே பதில் தரவில்லை. ஆர்ட்டெமிஸாக ஒன்றும் அதீனாவாக ஒன்றும் செய்தார். திரையில் இப்படி இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவது இன்னும் எளிது. செய்யாமல் விடுவதற்குச் செலவு ஒரு காரணமாக இருக்க முடியாது.

வரையப்பட்ட பெண்களைப் பற்றியே பேசும் இந்தக் கண்காட்சிகள் வரைந்த பெண்களையும் நினைக்க வேண்டும். ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் இயற்கை வரலாற்றின் 35ஆம் நூலில் திமாரெத்தே, ஐரீனி, அரிஸ்தாரெத்தே என்று பெயர் சொல்கிறார். சிசிகஸ் ஊரின் இயாயா ரோமில் பெண்களின் உருவங்களைத் தீட்டினார், கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்தார், அக்காலத்துப் புகழ்பெற்ற ஆண் ஓவியர்களைவிட அதிக விலை பெற்றார் என்கிறார். இவர்களுடைய ஓவியம் ஒன்றுகூட இன்று இல்லை. ஆனால் பொம்பெயின் அறுவை மருத்துவர் வீட்டுச் சுவரில், அமர்ந்து படம் தீட்டும் ஒரு பெண்ணின் ஓவியம் இருந்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

2025 பிப்ரவரியில் பொம்பெயில் இன்னோர் அறை வெளிச்சத்துக்கு வந்தது. தியாசஸ் வீடு என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு விருந்தறையின் மூன்று சுவர்களில் கிட்டத்தட்ட ஆளுயரத்தில் டயோனிசஸின் பெண்கள். சிலர் ஆடுகிறார்கள். சிலர் வேட்டைக்காரிகள்: ஒருத்தி வெட்டிய ஆட்டைத் தோளில் சுமக்கிறாள், ஒருத்தி கையில் வாளும் விலங்கின் குடலும் பிடித்திருக்கிறாள். நடுவில், தீவட்டி ஏந்திய, டயோனிசஸின் துணைவனான கிழட்டு சிலேனஸின் பக்கத்தில், சடங்கில் சேரவிருக்கும் பெண். இந்தச் சுவர்களும் இனி ஏதாவது ஓர் ஒளிக்கூடத்துக்கு வரும். அப்போது ஆடுபவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு வாள் பிடித்தவளை விட்டுவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.