மருந்து என்று பெயர், நஞ்சு என்று பொருள்

"மருந்து அடிக்கப் போகிறேன்." புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், தென்னமரம், ராஜா மூசா என்று கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும், முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு தீம்பாருக்குள் நடந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் அடித்தது புல்லைக் கொல்லும் திரவம். அதற்கு லயத்து வீடுகளில் வழங்கிய பெயர் 'மருந்து'. நாட்டின் சட்டமோ அதை ஒளிவுமறைவின்றி 'ராச்சுன்', அதாவது நஞ்சு என்றே அழைக்கிறது. 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரே 'அக்தா ராச்சுன் மக்லுக் பெரோசாக்' என்பதாகும்.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள். இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில்தான் பல்லாயிரம் தோட்டப் பெண்களின் உடல்நலம் சிக்கிக்கொண்டது. ஒரு தொழில்நுட்பம் வருவதற்கும் அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வருவதற்கும் நடுவே எளிய மக்களின் வாழ்க்கை என்னவாகிறது என்பதற்குப் பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதை நல்லதொரு பாடம்.

செம்பனையோடு வந்த பழக்கம்

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் உருவானது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். ரப்பரை விட்டுச் செம்பனைக்கு நாடு வேகமாக மாறியது 1960களுக்குப் பிறகு. ஏறத்தாழ அதே காலத்தில்தான் பாராகுவாட்டும் உலகச் சந்தைக்கு வந்தது.

அதுவரை புல் வெட்டுவதற்கு மண்வெட்டியும் அரிவாளும் ஏராளமான கைகளும் தேவைப்பட்டன. பாராகுவாட் அந்தக் கணக்கை மாற்றியது. அடித்த சில நாள்களிலேயே புல் கருகிவிடும். அடித்த சிறிது நேரத்தில் மழை பெய்தாலும் வீணாகாது. நாள்தோறும் மழை மிரட்டும் சிலாங்கூருக்கு இது பெரிய வசதி. பச்சை இலையில் பட்ட இடத்தை மட்டுமே அது கருக்கும். வேர் வரை இறங்குவதில்லை. ஆகவே இளஞ்செம்பனைக் கன்றுகளுக்கு அருகிலும் அடிக்கலாம். மண்ணில் விழுந்ததும் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். விலையும் மலிவு. தோட்ட நிர்வாகங்களும் சிறுதோட்டக்காரர்களும் அதை விட மறுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

புல்லுக்குள் பாராகுவாட் செய்யும் வேலையை மனித உடலுக்குள்ளும் செய்கிறது. உயிரணுக்களில் உள்ள ஆக்சிஜனை அது கேடு விளைவிக்கும் வடிவத்துக்கு மாற்றி, அந்த உயிரணுக்களையே அழிக்கிறது. இரத்தத்தில் கலந்தபின் நுரையீரல் அதை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகி, மூச்சு விடுவது கடினமாகிறது. சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படுகின்றன. இதற்கு மாற்று மருந்து கிடையாது. தவறுதலாகக் குடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்களே அதில் நிறம், கெட்ட வாடை, வாந்தி வரவழைக்கும் பொருள் ஆகியவற்றைக் கலந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

குடித்தால் மட்டும்தானே ஆபத்து என்று கேட்கலாம். அது முழு உண்மை அல்ல. காயமில்லாத தோல் இந்த நஞ்சை ஓரளவுக்குத் தடுக்கும். செம்பனைக் காட்டில் வேலை செய்பவருக்குக் காயமில்லாத தோல் ஏது? மட்டையின் முள் கையையும் காலையும் கீறும். பழைய பம்பில் ஒழுகும் திரவம் முதுகையும் இடுப்பையும் மணிக்கணக்கில் நனைக்கும். கீறலும் ஈரமும் சேரும்போது நஞ்சு உடலுக்குள் போக வழி பிறக்கிறது. நகம் நிறம் மாறி விழுதல், மூக்கில் இரத்தம் வடிதல், கண் எரிச்சல், தோல் புண் ஆகியவை மருந்து அடித்தவர்களிடம் காணப்பட்ட அடையாளங்கள்.

காகிதத்தில் இருந்த பாதுகாப்பு

சட்டமே இல்லாமல் இவையெல்லாம் நடந்தன என்று நினைத்துவிடக் கூடாது. 1994இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 1996இல் மிகு நச்சுடைய பூச்சிக்கொல்லிகளுக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. பாராகுவாட்டும் அவற்றுக்குள் அடங்கியது. 2000ஆம் ஆண்டின் விதிமுறைகள் இரசாயனத்தைக் கையாளும் இடங்களில் ஆபத்து மதிப்பீடு, பயிற்சி, தேவைப்படுவோருக்கு மருத்துவக் கண்காணிப்பு ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கின.

ஆனால் அந்த விதிகள் எழுதப்பட்டது மேசையில். மருந்து அடிக்கப்பட்டது வெயிலில். முகமூடியும் ரப்பர் கையுறையும் நீண்ட மேலங்கியும் அணிந்து, நிறைந்த பம்பைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கினால் மூச்சு முட்டும். வியர்வையில் நனைந்த துணி முகமூடி நஞ்சைத் தடுப்பதற்குப் பதிலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை செய்த உடையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினால் நஞ்சும் கூடவே வீட்டுக்குள் நுழைகிறது. இந்த நடைமுறை உண்மையைக் கணக்கில் கொள்ளாத பாதுகாப்பு வெறும் காகிதப் பாதுகாப்புதான்.

பதினேழு ஆண்டு இழுபறி

ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்புடன் சேர்ந்து தோட்டப் பெண்களிடம் நடத்திய ஆய்வை 2002இல் வெளியிட்டது. தலைசுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல், தோல் அரிப்பு என்று தனித்தனி வீடுகளில் முனகலாக இருந்தவை அதன்வழி ஒரு பொதுப் பிரச்சினையாக வெளியே வந்தன.

2002 ஆகஸ்டில், பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. தொழில்துறை எதிர்த்தது. மாற்று மருந்துகளின் விலை அதிகம், சிறுதோட்டக்காரர்கள் தாங்கமாட்டார்கள், முறையாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்ற வாதங்கள் முன்வைக்கப்பட்டன. 2006இல், மேலும் ஆய்வு தேவை என்ற காரணத்தோடு தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்த நாள் 2020 ஜனவரி 1. முதல் அறிவிப்பிலிருந்து எண்ணினால் பதினேழு ஆண்டுகளுக்கு மேல். 2002இல் முதன்முதலாகப் பம்பைத் தூக்கிய இருபது வயதுப் பெண், தடை வந்தபோது நாற்பதை நெருங்கியிருப்பார்.

மற்றவர்கள் செய்தது என்ன?

சுவீடன் 1983இலேயே பாராகுவாட்டைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் அதை அனுமதித்தபோது சுவீடன் வழக்குத் தொடுத்தது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. இலங்கை 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக விலக்கியது. அங்கு 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பின்னர் பெருமளவு குறைந்தது. கடும் பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததே இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லை என்றால், ஒரு நொடி ஆத்திரத்தில் போகும் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு.

கேரளத்தின் காசர்கோடு அனுபவம் இன்னும் கசப்பானது. அங்கே முந்திரித் தோட்டங்களில் பல்லாண்டுகளாக விமானத்தின் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. ஊர் மக்களின் நோய்களும் குறையோடு பிறந்த குழந்தைகளும் நாட்டையே உலுக்கின. 2011இல் இந்திய உச்சநீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. பாராகுவாட் மீதும் கேரளம் அதே ஆண்டில் தடை விதித்தது.

தடையோடு முடிந்துவிட்டதா?

இல்லை. பாராகுவாட் போன இடத்தைக் கிளைபோசேட், குளுபோசினேட் போன்றவை நிரப்பியுள்ளன. இவை பாராகுவாட் அளவுக்கு உடனே உயிரைப் பறிப்பவை அல்ல. எனினும், கிளைபோசேட் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023இல் அதன் அனுமதியை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. அறிஞர்களிடையே சர்ச்சை தொடரும்போது, மருந்து அடிப்பவர் எச்சரிக்கையாக இருப்பதே புத்திசாலித்தனம். செம்பனை வரிசைகளுக்கு இடையே மூடுபயிர் வளர்ப்பது, வெட்டிய மட்டைகளைப் பரப்புவது, மாடு மேய்ப்பது போன்ற வழிகள் மருந்தின் தேவையையே குறைக்கும்.

செகிஞ்சான் நெல்வயல்களில் இப்போது ட்ரோன்கள் மருந்து தெளிக்கின்றன. முதுகில் சுமை இல்லை என்பது பெரும் நன்மை. ஆனால் காற்றில் மிதக்கும் துளிகள் பக்கத்து வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் போகுமா என்ற கேள்வி புதிதாக எழுகிறது. தொழில்நுட்பம் மாறும்போது ஆபத்து மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. அதோடு, இன்று பல தோட்டங்களில் பம்பைச் சுமப்பவர்கள் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பெண்கள் பட்ட அதே துன்பத்தை, மொழி தெரியாத இன்னொருவர் படக்கூடும்.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

டின்னில் ஒட்டியுள்ள தாளையும் அதன் அடியிலுள்ள வண்ணப்பட்டையையும் படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு விளக்க வேண்டும். பாதுகாப்புத் தகவல் ஏடு எது என்று நிர்வாகத்திடம் கேட்பதில் தவறில்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பக் காரணமுள்ள தொழிலாளி, முதலாளி அதை நீக்கத் தவறினால் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டுள்ளது. தொழில்சார் நோய்களுக்கு சொக்சோவில் இழப்பீடு கோரவும் வழியுண்டு.

அதற்கெல்லாம் சான்று வேண்டும். எந்த ஆண்டு, எந்த மருந்து, வாரத்தில் எத்தனை நாள், என்ன உபாதை என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். மருத்துவரிடம் போகும்போது இருமல் என்று மட்டும் சொல்லாமல், தோட்டத்தில் மருந்து அடித்த விவரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்காத மருத்துவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் பழக்கம் இன்னும் ஏதேனும் வீட்டில் இருந்தால், அதை இன்றே நிறுத்த வேண்டும். அதற்கு முதல் படி, அந்தத் திரவத்தை அதன் உண்மையான பெயரால் அழைப்பது. வீட்டில் ஒரு குழந்தை, "அம்மா மருந்து அடிக்கிறாங்க" என்று சொல்வதற்கும் "அம்மா விஷம் அடிக்கிறாங்க" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதைக் கேட்ட எந்தக் குடும்பமும் கையுறை எங்கே என்று கேட்காமல் இருக்காது.