அலையும் வேணும்... கிடாரும் வேணும்! ஸ்பெயினுக்குப் போனால் ரெண்டும் நடக்குமா?

பெரம்பலூர்:

வாலிகண்டபுரத்தில் "வெளிநாடு" என்றால் துபாய், சவுதி, குவைத், சிங்கப்பூர், மலேசியா. அவ்வளவுதான். போகிறவர் வேலைக்குப் போகிறார். கடனை அடைக்கணும், தங்கச்சியைக் கட்டிக் கொடுக்கணும், மாடி எடுக்கணும். "ஆசைக்காக வெளிநாடு போறேன்" என்று ஒருத்தர் சொன்னால் டீக்கடையில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் அப்படிப் போகிற கூட்டமும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது. காலையில் பலகையை எடுத்துக்கொண்டு போய் கடல் அலை மேல் ஏறி நின்று சறுக்கணும். சாயங்காலம் பிளமெங்கோ கிடார் வாசிக்கணும். இந்த ரெண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஊரைத் தேடி மூட்டை கட்டுகிறார்கள். செல்போனில் இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நாமளும் போனா என்ன?" என்று நம்ம பக்கத்துப் பையன்களுக்கும் தோன்றலாம். தோன்றுவதில் தப்பு இல்லை. எங்கே இடிக்கும் என்று தெரியாமல் பணத்தைக் கட்டுவதில்தான் ஆபத்து.

கடல் இல்லாத மாவட்டம்

பெரம்பலூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உண்டு... சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தி! காரை பக்கம் மண்ணில் இன்றைக்கும் கல்லாகிப் போன கடல் சிப்பிகள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் கல்லாகிக் கிடப்பதை 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளி உலகத்துக்குச் சொன்னார். அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லே அந்தப் பழைய கடல் விட்டுப்போன சொத்துதான். இப்போது அலையைப் பார்க்கணும் என்றால் கடலூர், புதுச்சேரி என்று பஸ் ஏறணும்.

ரெண்டும் சேருகிற இடம்

அலையும் கிடாரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் ஸ்பெயின் நாட்டின் தெற்கு முனையில் உள்ள காடிஸ் மாகாணம். அங்கே எல் பால்மர் என்ற கடற்கரை, அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர் போனது. அட்லாண்டிக் கடல் அலை நேராக வந்து அடிக்கும். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் ஜெரெஸ் நகரம். பிளமெங்கோ பிறந்து வளர்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. நம்ம ஊரில் நாதஸ்வரம், தவில் பரம்பரை இருக்கிற மாதிரி அங்கே தெருவுக்குத் தெரு பாட்டுக்காரர், கிடார்க்காரர் குடும்பங்கள்.

பிளமெங்கோ என்றால் கிடார் மட்டும் இல்லை. பாட்டு, ஆட்டம், கைதட்டல் எல்லாம் சேர்ந்தது. இதில் நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் வட இந்தியாவில் இருந்து கிளம்பி, நாடு நாடாக நடந்து போன நாடோடிக் கூட்டம் ஒன்று 1425 வாக்கில் ஸ்பெயினுக்குள் நுழைந்தது. அந்த ஜிப்சிகளின் வம்சம்தான் பிளமெங்கோவின் உயிர். 2010-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது.

கணக்கும் லேசு இல்லை. நம்ம ஆதி தாளம் எட்டு. அவர்களுடைய முக்கியமான தாளங்களில் ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை. அதில் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தால் தெரியும், முதல் பத்து நிமிஷம் தலை சுற்றும். தாளத்தில் ஊறிய நம்ம ஆட்களுக்கு இது பிடிபடும் என்பது மட்டும் நிச்சயம்.

பிளமெங்கோ கிடாரின் பெரிய பெயர் பாகோ தெ லூசியா. காடிஸ் மாகாணத்தின் அல்ஹெசிராஸ் துறைமுக ஊரில் 1947-ல் பிறந்தவர். 1980 டிசம்பரில் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ மேடையில் இவரோடு உட்கார்ந்து வாசித்தவர் இங்கிலாந்துக்காரர் ஜான் மெக்லாப்லின். அதே மெக்லாப்லின்தான் 1970-களில் நம்ம கடம் வித்வான் விக்கு விநாயகராமுடன் "சக்தி" குழுவில் வாசித்தவர். சுற்றிச் சுற்றி தமிழ்நாட்டுக்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

இன்னொரு விஷயம். பாகோ தெ லூசியாவுக்குக் கடல் என்றால் உயிர். மூழ்கி மீன் பிடிப்பதில் பிரியம். உலகமே இந்தக் கலைக்காக ஸ்பெயினைப் பார்க்க, அவர் ஸ்பெயினை விட்டு மெக்சிகோ கடற்கரைக்குப் போய்க் குடியிருந்தார். 2014 பிப்ரவரி 25-ல் அங்கேதான் காலமானார். ஆனால் ஒன்று... அவர் போனது கிடாரில் சம்பாதித்து முடித்த பிறகு. சம்பாதிக்கப் போகவில்லை.

நகம் உடைஞ்சா வாசிப்பு போச்சு!

அலையும் கிடாரும் ஒரே ஊரில் கிடைத்தாலும், ஒரே கையில் ஒத்துப் போவதில்லை. இதை வீடியோவில் யாரும் சொல்வதில்லை.

பிளமெங்கோ கிடாரை வலது கை நகத்தால்தான் அடிக்கிறார்கள். நாலு விரலையும் விசிறி மாதிரி விரித்து நரம்பில் இறக்குவார்கள். நகம் நீளமாக, கெட்டியாக இருக்கணும். தவில்காரர் விரலில் கூடு மாட்டுகிற மாதிரி, இவர்கள் நகத்தில் பசை தடவிக் கெட்டிப்படுத்துவதும் உண்டு. இடது கை விரல் நுனியில் காய்ப்பு இருக்கணும். மண்வெட்டி பிடித்தவர் கையில் விழுமே, அதே காய்ப்பு. அது இல்லாவிட்டால் நரம்பை அழுத்தும்போது வலி உயிர் போகும்.

இப்போது அந்தக் கையைக் கொண்டுபோய் ரெண்டு மணி நேரம் உப்புத் தண்ணீரில் வையுங்கள். காய்ப்பு ஊறி மெத்தென்று ஆகிவிடும். நகம் இளகும். பலகையைப் பிடித்து எழும்போது படக்கென்று ஒரு நகம் உடைந்தால், வளர்ந்து வர வாரக்கணக்கில் ஆகும். கையால் துடுப்பு போட்டுப் போட்டுத் தோள்பட்டை அசந்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் வேக வாசிப்பு வருமா?

அதைவிடப் பெரிசு காது. குளிர்ந்த கடலில் வருஷக்கணக்கில் அலை ஏறுகிறவர்களுக்குக் காதுத் துவாரத்துக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைக்கும். "சர்பர் காது" என்றே இதற்குப் பெயர். தண்ணீர் உள்ளே தங்கும், சீழ் பிடிக்கும், கேட்கும் சக்தி குறையும். பாட்டுக்காரனுக்குக் காது போனால் மிச்சம் என்ன? காதடைப்பான் போட்டுக்கொண்டு இறங்கினால் பெருமளவு தப்பிக்கலாம்.

சீசனும் எதிரும் புதிருமாக இருக்கிறது. காடிஸ் கடலில் நல்ல அலை வருவது குளிர்காலத்தில். கோடையில் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆனால் ஓட்டல், கடை, சறுக்குப் பள்ளி என்று கூலி கிடைப்பது சுற்றுலாக்காரர் குவியும் அந்தக் கோடையில்தான். அலை இருக்கும்போது காசு இல்லை, காசு இருக்கும்போது அலை இல்லை.

வந்தவர்களும் போனவர்களும்

வாலிகண்டபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் 1751-ல் வந்தது பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட. ஆசைக்காகவே இந்தியா வந்த வெள்ளைக்காரர்களும் உண்டு.

அமெரிக்கப் பாடகர் ஜான் ஹிக்கின்ஸ் 1960-களில் சென்னைக்கு வந்து கர்நாடக சங்கீதம் படித்தார். அரியலூர்க்காரர்கள் கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் திருவையாற்றில், தியாகராஜர் ஆராதனையில் பாடி "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்று பேர் வாங்கினார். அவரை இங்கே நிறுத்தியது "புல்பிரைட்" உதவித்தொகை.

ஜாக் ஹெப்னர் என்ற இன்னொரு அமெரிக்கர், அலையும் பக்தியும் சேர்ந்து வேணும் என்று கர்நாடகா மாநிலம் முல்கியில் ஆசிரமம் போட்டு உட்கார்ந்தார். 2004-ல் அங்கே "மந்திரா" சர்ப் கிளப் தொடங்கப்பட்டது. "சர்பிங் சாமி" என்றே ஊர் கூப்பிட்டது. அவரை நிறுத்தியது ஆசிரமம்.

நம்ம ஆள் ஒருவர் எதிர்த் திசையில் போனார். ராணிப்பேட்டையில் வளர்ந்த கிடார் கலைஞர் பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் படித்தவர். கப்பலை விட்டுவிட்டு, அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர் என்று உலகம் அறிய வந்தார். அவர் போனது கல்லூரி மாணவராக.

மூணு பேரிடமும் ஆசை இருந்தது. அதோடு உதவித்தொகை, ஆசிரமம், கல்லூரி என்று தாங்கிப் பிடிக்க ஒன்று இருந்தது. விசா ஆபீசில் கேட்பது இந்த மூணாவதைத்தான்.

விசாவில் என்ன சிக்கல்?

ஸ்பெயினுக்குக் குறுகிய கால விசாவில் போனால் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். அதில் வேலை செய்யக் கூடாது. தட்டுக் கழுவினாலும் குற்றம்தான்.

படிப்பு விசா என்றால் அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் முழு நேரப் படிப்பு வேணும். "ஒரு பெரியவர் வீட்டில் கிடார் கத்துக்கிறேன்" என்றால் செல்லாது. கோர்டோபா இசைக் கல்லூரியில் பிளமெங்கோ கிடாரே பட்டப்படிப்பாக இருக்கிறது. செவில் நகரில் கிறிஸ்டினா ஹீரன் அறக்கட்டளை தனியாகவே பிளமெங்கோ பள்ளி நடத்துகிறது. பாடம் ஸ்பானிஷ் மொழியில். செலவுக்கு மாதம் 600 யூரோ, நம்ம பணத்தில் சுமார் 60 ஆயிரம் ரூபாய், கையில் இருப்பதாகக் கணக்கு காட்டணும். பள்ளிக் கட்டணம் தனி. இந்த ரெண்டு ஊரிலும் கடல் இல்லை என்பதையும் கவனிக்கணும்.

வேலை பார்க்காமல் சொந்தக் காசில் வாழும் விசாவுக்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்டணும். அது ஓய்வுபெற்ற பணக்காரர் சமாச்சாரம்.

2022 டிசம்பரில் ஸ்பெயின் கொண்டுவந்த சட்டத்தில் இன்னொரு வழி பிறந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்பெயினில் குடியிருக்கலாம். ஆனால் அந்த நாட்டுக் குறைந்தபட்ச சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு வருமானம் வேணும். மாதம் ரெண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். நல்ல சம்பளத்தில் இருக்கும் ஐ.டி. ஊழியருக்கு இது திறந்த கதவு. கொத்தனாருக்கும் டிரைவருக்கும் மூடின கதவு. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

"போனதும் வேலை" என்றால் உஷார்!

இந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகள் புகுந்து விளையாடுகிறார்கள். "விசிட் விசாவில போ தம்பி, போனதும் பீச்சில வேலை" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். விசா காலம் முடிந்து தங்கினால் நாடு கடத்துவார்கள். மறுபடி ஐரோப்பாவுக்குள் நுழையத் தடை விழும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கியிருக்கணும். "இ-மைக்ரேட்" அரசு இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அஞ்சு லட்சம், ஆறு லட்சம் என்று கேட்டால் ரசீது கேளுங்கள், முகம் மாறும். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் பெரம்பலூர் எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

கிட்டத்திலேயே இருக்கு அலை

அலையில் ஏற ஸ்பெயின் வரை போக வேண்டியதில்லை. சென்னை அருகே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் முன்நின்று 2012-ல் தொடங்கிய சறுக்குப் பள்ளியில் மீனவர் பிள்ளைகளே பயிற்சியாளர்கள். புதுச்சேரி பக்கத்திலும் பள்ளி உண்டு. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

நம்ம பக்கத்துப் பையன்கள் நீச்சல் பழகுவது கிணற்றில். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் இழுக்கும். உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்தக் கூடாது, பக்கவாட்டில் நீந்தி வெளியே வரணும். இதைப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார். பலகையைக் காலோடு கட்டியிருக்கும் கயிறு அறுந்தால் பலகை போய்விடும் என்பதால், நீந்தத் தெரியாதவர் ஆழத்துக்குப் போகவே கூடாது.

அதற்குப் பிறகும் ஸ்பெயின் ஆசை விடவில்லை என்றால் 90 நாள் விசாவே போதும். கட்டணம் 90 யூரோ. அதோடு 30 ஆயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பேங்க் கணக்கு, திரும்பி வரும் டிக்கெட் காட்டணும். ஜெரெஸ் நகரில் வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பிளமெங்கோ விழா நடக்கும். அதிலேயே குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளும் உண்டு. எல் பால்மரில் நல்ல அலை அடிப்பதும் அந்தக் குளிர் மாதங்களில்தான். பலகையும், குளிர் தாங்கும் ரப்பர் உடையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.