காடைத் தீவனம்: மூட்டையில் அச்சாகாத கணக்கு

பொரிக்கும்போது பத்து கிராமுக்கும் குறைவாக இருக்கும் ஜப்பானியக் காடைக்குஞ்சு ஐந்து வாரங்களில் ஏறத்தாழ 180 முதல் 200 கிராம் எடையை எட்டிவிடுவதால், முதலிரு வாரங்களில் நேரும் தீவனக் குறையைப் பின்னர் ஈடுசெய்ய அதற்குக் காலம் வாய்ப்பதில்லை. ஆயினும் தீவனம் வாங்குவோர் பலர் மூட்டையில் அச்சிட்ட கச்சாப் புரத விழுக்காட்டை மட்டுமே பார்க்கின்றனர். பறவைக்குத் தேவைப்படுவது புரதம் என்னும் மொத்தமன்று. அதன் உறுப்புகளான அமினோ அமிலங்களே. அவற்றுள் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத ஒன்று குறைந்தாலும், ஏனையவை எவ்வளவு மிகுந்திருப்பினும், வளர்ச்சி அந்த ஒன்றின் அளவோடு நின்றுவிடும். மிஞ்சியவை சிதைந்து யூரிக் அமிலமாக எச்சத்தில் வெளியேறி, கூளத்தில் அம்மோனியா நெடியாக மாறும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் பொதுவாக முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் ஆகும்.

அமினோ அமிலத் தேவையை மதிப்பிட, மற்றச் சத்துகள் நிறைவாக இருக்கும் ஒரே அடிப்படைத் தீவனத்தில் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டி, குஞ்சுக் குழுக்களுக்குத் தனித்தனியே கொடுத்து எடையேற்றத்தை அளக்கின்றனர். வளர்ச்சிக் கோடு ஏறிச் சென்று மட்டமாகும் முறிவுப் புள்ளியே தேவை எனக் கொள்ளப்படுகிறது. ஆனால் அப்புள்ளி சராசரிக் குஞ்சுக்குரியது என்பதால், சராசரியை மிஞ்சும் தேவையுடைய குஞ்சுகளுக்கு அது போதாது. அதே தரவை வளைகோட்டு முறையில் ஆராய்ந்தால் பெரும்பாலும் உயர்ந்த எண்ணே கிடைக்கும். எடையேற்றத்திற்குப் போதுமான லைசின் என்னும் அமினோ அமிலம், தீவனத்தை இறைச்சியாக மாற்றும் திறனுக்குப் போதாமலும் போகலாம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் வெளியிட்ட அட்டவணை வளரும் காடைக்குப் புரதம் 24, லைசின் 1.30, மெத்தியோனின் 0.50, திரியோனின் 1.02 விழுக்காடு எனக் குறிக்கிறது. அவை கிலோவுக்கு 2,900 கிலோகலோரி எரிசக்தியுள்ள தீவனத்திற்குரியவை. ஆதலால் எரிசக்தியைக் குறிப்பிடாமல் விழுக்காட்டை மட்டும் சொல்வது அரைக்கணக்கே.

முட்டைக்கோழிக் குஞ்சுத் தீவனத்தைக் காடைக்கு இட்டால் லைசின் குறைந்து, எடை ஒருசீராக ஏறாமல், இறகு சரிவர முளைக்காமல் போகும். இதைவிடக் கேடானது கலப்படம். கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வருவிக்கும் எண் ஆதலால், மீன்தூளில் யூரியா கலந்தாலும் அது உயர்ந்தே காட்டும். அளவுமீறிய சூட்டில் பதப்படுத்திய சோயாவிலும் இவ்வெண் பெரிதாக மாறாதிருக்க, செரிக்கத்தக்க லைசின் மட்டும் குறைந்திருக்கும்.

எனவே, லைசின், மெத்தியோனின் அளவுகளை எழுத்தில் கேட்டுப் பெறுவதும், பில்லையும் மூட்டைச் சீட்டையும் பாதுகாப்பதும், மூட்டையைத் திறந்த அன்றே சிறிது தீவனத்தை முத்திரையிட்டு வைப்பதும் வாங்குவோரின் முதற்கடமை. ஐயம் எழுந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தை அணுகலாம். புரதத்தோடு யூரியாச் சோதனையையும் அமினோ அமிலப் பகுப்பாய்வையும் தனியே கேட்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கில் வாங்குவோரை நுகர்வோர் எனக் கருதுவதில்லை. எனினும் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்குவோருக்கு அவ்விலக்கு பொருந்தாது என அச்சட்டமே விளக்குவதால், சிறு காடைப் பண்ணையாளர் மாவட்ட ஆணையத்தில் முறையிட இடமுண்டு. பொருளை ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரம் ஆணையத்திற்கு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையீடு தாக்கலாக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை.