திறந்து வைத்த சலைன் பாட்டில்

நோய்க்கிருமி ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போக ஏதாவது ஒரு வண்டி வேண்டும். மருத்துவமனை, பல் கிளினிக், சலூன், அழகு நிலையம், பச்சை குத்தும் கடை ஆகியவற்றில் அந்த வண்டி பெரும்பாலும் ஒரு கருவி, ஒரு திரவம் அல்லது ஒரு கை. அந்த வழியை அடைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் தொற்றுத் தடுப்பு என்று பெயர். தரை பளபளப்பாக இருப்பதும் டெட்டால் வாசனை அடிப்பதும் வேறு விஷயம். ஒருவருக்குப் பட்ட பொருள் அப்படியே அடுத்தவருக்குப் படுகிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் இதற்குக் கிடைத்த கடுமையான சான்று வாணியம்பாடி. 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் வட தமிழகத்தில் 21 பேருக்கு, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் கண்டறியப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் தமிழகப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆராய்ந்தன. நோயாளிகளில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர்.

இந்த நோயைத் தரும் பாக்டீரியா பர்கோல்டேரியா சூடோமாலி. 1911–12இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார்கள். ஈர மண்ணிலும் நெல் வயல் நீரிலும் வாழும் இந்தக் கிருமி, வழக்கமாகக் காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உடம்புக்குள் நுழையும். மழைக்காலத்தில் மூச்சோடும் போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களை எளிதில் பிடிக்கும். அது ஒரு பல் கிளினிக்கின் வாசற்படியைத் தாண்டி ஈறுக்குள் போனது எப்படி?

விடை ஒரு சலைன் பாட்டிலில் இருந்தது. பல் பிடுங்கிய இடத்தையும் கிழித்த ஈறையும் கழுவ சலைன் பயன்படும். ஈறை எலும்பிலிருந்து நெம்பித் தூக்கும் உலோகக் கருவியால் அந்த கிளினிக்கில் பாட்டிலைத் திறந்தார்கள். மிஞ்சியதைக் கொட்டாமல், வாயில் பஞ்சை லேசாக அடைத்து வைத்து அடுத்தவருக்கும் அதையே எடுத்தார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலிலேயே கிருமி அகப்பட்டது. சலைன் என்பது உப்பும் நீரும்தான். கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் கலப்பதில்லை. மூடி இருக்கும்வரை அது தூய்மையானது. திறந்த பிறகு வெறும் தண்ணீருக்குச் சமம். இந்தக் கிருமியோ காய்ச்சி வடித்த நீரில்கூட ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. ஒரு சலைன் பாட்டிலின் விலை சில பத்து ரூபாய்.

விழுப்புரம் மாவட்டத்துக்கும் இதுபோன்ற ஒரு நினைவு உண்டு. 2008 ஜூலையில், அன்று இம்மாவட்டத்தில் இருந்த கடவனூரில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தது. அதன் வழியாகக் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் ஒரு கண்ணில் பார்வை இழந்தார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறை வரை போனது. கண்ணின் உட்பகுதியில் ரத்த ஓட்டம் இல்லாத இடங்கள் உண்டு. அங்கே கிருமி நுழைந்துவிட்டால் எதிர்த்து நிற்க ஆளில்லை, ஓரிரு நாளில் பார்வை போய்விடும். முகாம்களில் ஒரே நாளில் பலருக்கு, ஒரே கருவிகளைக் கொண்டு, ஒரே திரவத்தை ஊற்றி அறுவை நடக்கும். அதனால் ஒரு பிழை ஒரு கண்ணோடு நிற்பதில்லை.

ஊசியில் வேறொரு ஏமாற்று இருக்கிறது. முனையை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். ஊசி தசைக்குள் இருக்கும்போதும் வெளியே வரும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறிவிடுகிறது. அந்த சிரிஞ்சை மீண்டும் மருந்துக் குப்பிக்குள் விட்டால் குப்பி முழுவதும் கெட்டது. நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாத 100 பேரில் 30 பேர் வரைக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றலாம். ஹெபடைடிஸ் சி என்றால் 100இல் 3 பேர் வரை, எச்.ஐ.வி. என்றால் 1000இல் 3 பேர். எய்ட்ஸுக்கு அஞ்சும் பலர், அதைவிட நூறு மடங்கு வரை எளிதாகத் தொற்றும் ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சள் காமாலையை நினைப்பதில்லை. அந்த வைரஸ் காய்ந்த ரத்தக் கறையில் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும்.

முகையூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து சலூன்களில் தோல்வாரில் கத்தி தீட்டும் வழக்கம் போய்விட்டது. பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்திப் பிடியில் செருகுகிறார்கள். ஆளுக்கொரு புது பிளேடு. ஆனால் மழித்து முடித்ததும் கன்னத்தில் தேய்க்கும் படிகாரக் கல் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. ரத்தம் கசியும் கீறலின் மேல்தான் அது உரசுகிறது. கத்திப் பிடியின் இடுக்கு, நுரை பூசும் பிரஷ், தோள் துண்டு, படர்தாமரையைப் பரப்பும் டிரிம்மர் எல்லாமே இதே வரிசை. மேல்மலையனூர்க் கோயிலில் மொட்டை போடும்போதும், வீட்டில் காதுகுத்தும்போதும் கவனிக்க வேண்டியது இதுவே.

அழகு நிலையங்களில் ஆபத்து பெரும்பாலும் நீரில் இருக்கிறது. 2000இல் கலிபோர்னியாவில் ஓர் அழகு நிலையத்தில் பாத அழகு செய்துகொண்ட 110 பேருக்குக் காலில் ஆறாத கட்டிகள் கிளம்பின. தண்ணீரைச் சுழற்றும் தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்குகளும் அடைந்து கிடந்தன. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு பாக்டீரியா அங்கே பெருகியிருந்தது. பச்சை குத்தும் மையில் நீர் விட்டுக் கலக்கினாலும் இதே வகைக் கிருமிகள் தோலுக்குள் போகலாம்.

கிருமி நீக்கம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கருவியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உறைந்த ரத்தத்துக்கு அடியில் நீராவி எட்டாது. பிறகு ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில், 15 பவுண்டு அழுத்தத்தில், குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். வெறுமனே கொதிக்க வைத்தால் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் தப்பிவிடும். சலூன்களில் நீல விளக்கு எரியும் பெட்டி பார்க்க நம்பிக்கை தரும். ஆனால் புற ஊதா ஒளி நிழல் விழும் பக்கத்தைத் தொடாது. தோலைத் துளைக்கும், ரத்தத்தைத் தொடும் எந்தப் பொருளும் ஒன்று ஆட்டோகிளேவிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் ஒருமுறை பயன்படுத்திக் குப்பைக்குப் போக வேண்டும்.

கிளினிக்குகளுக்குச் சட்டமும் உண்டு. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் வந்தது. அதற்கான விதிகள் 2018இல் வந்தன. பதிவு பெறாமல் கிளினிக் நடத்தக் கூடாது. 2016இன் மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியும் பிளேடும் குத்துப்படாத வெள்ளை டப்பாவில்தான் விழ வேண்டும். ஆனால் ஆய்வாளர் வருவது என்றோ ஒரு நாள். நோயாளி தினமும் வருகிறார்.

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் “புது பிளேடு போடுங்கண்ணே” என்று சொல்ல இங்கே யாரும் தயங்குவதில்லை; சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. பல் கிளினிக்கிலும் ஊசி போடும் இடத்திலும் அதே பேச்சை, அதே இயல்போடு பேசலாம்: “பாட்டிலை என் முன்னாடி திறங்க டாக்டர்.”