கருத்தடை: மைசூர் காட்டிய வழி

பிள்ளைப்பேறு கடவுள் விட்ட வழி என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த காலத்திலேயே, 1930-ல் மைசூர் சமஸ்தான அரசு கருத்தடை நிலையங்களைத் திறந்தது. அப்போது அரியணையில் இருந்தவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். திவான் மிர்ஸா இஸ்மாயில். உலகில் ஓர் அரசே நடத்திய முதல் கருத்தடை நிலையங்கள் என்று இவை பெயர் பெற்றன. இந்திய அரசின் குடும்ப நலத் திட்டம் பிறந்ததோ 1952-ல்தான்.

கருத்தடை என்பது என்ன?

கரு உண்டாகாமல் முன்கூட்டியே தடுப்பது கருத்தடை. உண்டான கருவைக் கலைப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் அஞ்சுகிறார்கள்.

தற்காலிக முறைகள்

ஆண்களுக்கு நிரோத், இது பால்வினை நோய்களையும் எய்ட்ஸையும் தடுக்க உதவும். பெண்களுக்குத் தினசரி மாத்திரை. ஒரு நாளும் தவறக்கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக்கூடாது. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த 'சாயா' மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிட வேண்டும். 'அந்தரா' ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். காப்பர்-டி 380ஏ பத்தாண்டு வரை பலன் தரும். குழந்தை வேண்டுமென்றால் எப்போதும் எடுத்துவிடலாம்.

நிரந்தர முறைகள்

இனிக் குழந்தை வேண்டாம் என்று உறுதி செய்துகொண்டவர்களுக்கு அறுவை சிகிச்சை. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ கருக்குழாயை அடைக்க வேண்டும். ஆணுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில நிமிடங்களில் முடித்துவிடலாம். எளிது எது என்பது விளங்கும். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, கருத்தடை அறுவையைப் பெண்கள் செய்துகொண்ட தம்பதிகள் நூற்றுக்கு 37.9, ஆண்கள் செய்துகொண்டவை வெறும் 0.3!

காரணம் பயம். 1975-77 நெருக்கடி நிலையில் ஆண்களைப் பிடித்துச் சென்று ஆபரேஷன் செய்த நினைவும் அதில் சேர்ந்திருக்கிறது. 'ஆண்மை போய்விடும், மூட்டை தூக்க முடியாது' என்பது வீண் பேச்சு. வெட்டப்படுவது விந்தணு வரும் குழாய் மட்டுமே. ஆண்மைச் சுரப்பு ரத்தத்தில் கலப்பது, அது குறையாது. சில நாள் ஓய்வுக்குப் பின் வழக்கமான வேலைக்குப் போகலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரியும்வரை நிரோத் அவசியம்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இச்சேவைகள் இலவசம். கட்டாயம் கிடையாது. கன்னடம் தெரியாத மனைவியைத் தனியே அனுப்பாமல் கணவரும் உடன் போக வேண்டும். டாக்டர் சொல்வது இருவருக்கும் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.