படுத்தல் வேறு, இளைப்பாறுதல் வேறு

மட்டக்களப்பு வாவியின் வடபால் அமைந்த ஏறாவூரிலே, இரவெல்லாம் தோணியிலிருந்து வலையிழுத்து வைகறையில் வீடு திரும்பும் மீனவரைக் காண்கின்றோம். தறியிற் குனிந்து தோள் இறுகிய பெண்களையும், பரீட்சைக்காகப் பின்னிரவு வரை கண்விழிக்கும் மாணவரையும் காண்கின்றோம். இவர்கள் படுக்கவில்லையா? படுக்கின்றனர். ஆயினும் எழும்போது களைப்புத் தீர்ந்தபாடில்லை. பாயிற் கிடக்கும்போதும் தாடை இறுகியிருக்கின்றது. தோள்கள் செவியை நோக்கி உயர்ந்திருக்கின்றன. மூச்சு மார்போடு நின்றுவிடுகின்றது. உடல் படுத்துவிட்டது, அதன் காவல் கலையவில்லை.

இக்காவலைக் கலைப்பதற்கென்றே யோகமுறையில் ஓர் ஆசனம் உண்டு. அதுவே சவாசனம். பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் பாட்டிமாரும் உளர். பிணம்போற் கிடப்பதும் ஒரு பயிற்சியா என்பர். பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையோ, இதனை மற்றை ஆசனங்களோடு சேர்த்தெண்ணி, களைப்பை அகற்றி உள்ளத்துக்கு ஓய்வளிப்பது எனப் போற்றுகின்றது. பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. தலைகீழாக நிற்கப் பழகியவரும் பத்து நிமிடம் அசையாது கிடக்கத் தவிப்பதுண்டு.

இக்கலை நம் நாட்டிற்கு வந்த வழிகளுள் ஒன்று சுவாமி சிவானந்தர் வழியாகும். பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் வைத்தியராகப் பணியாற்றிப் பின் ரிஷிகேசத்தில் துறவு பூண்டவர் அவர். அவருடைய சீடரும் கொங்குநாட்டவருமான சுவாமி சச்சிதானந்தர் 1953இல் இலங்கைக்கு வந்து, கண்டியில் ஆச்சிரமம் அமைத்துப் பல்லாண்டுகள் யோகம் போதித்தார். 1966இல் அமெரிக்கா சென்றார். அங்கே அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் வைத்தியர் டீன் ஓர்னிஷ். 1990இல் அவர் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு, நடை, புகைவிடுதல் ஆகியவற்றோடு ஆசனமும் தளர்ச்சிப் பயிற்சியும் மேற்கொண்ட இருதய நோயாளருக்கு ஓராண்டில் நாடிகளின் அடைப்புச் சிறிது குறைந்திருந்தது. இதில் ஓய்வின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துக் கூறல் இயலாது.

சவாசனத்தையே தனியாக எடுத்து ஆராய்ந்தவர் பம்பாய் இருதய வைத்தியர் டாத்தே. 1969இல் அவரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஆய்வில், உயர் இரத்த அழுத்தமுடைய 47 பேர் இடம்பெற்றனர். பலருக்கு அழுத்தம் தணிந்தது. மருந்தின் அளவைக் குறைக்கவும் முடிந்தது. பயன் காணாதாரும் இருந்தனர். நீளமாக மூச்சை வெளிவிடும்போது இருதயத் துடிப்புச் சற்றுத் தாழ்வதை எவரும் தம் நாடியிற் கைவைத்தே அறியலாம். மூச்சு மெல்ல மெல்ல நீள, ஓய்வுக்குரிய நரம்புகள் வலுப்பெறுகின்றன. ஓடவும் போராடவும் உடலை ஏவும் நரம்புகள் அடங்குகின்றன.

இறுகிய உடலுக்கு வெறுந்தரை போதாது. இளமையில் நோயால் நலிந்திருந்த பி. கே. எஸ். ஐயங்கார், நோயாளரும் முதியோரும் ஆசனம் பயிலத் தலையணை, போர்வை, கதிரை, கயிறு முதலியவற்றைத் துணைக்கொண்டார். அவர் வழியிற் பயின்ற அமெரிக்கப் பெண்மணி ஜூடித் லாசட்டர், இத்துணைகளோடு இளைப்பாறும் முறையை 1995இல் தனி நூலாகவே எழுதினார். அங்கே இதற்கெனத் தைத்த தலையணைகளுக்கு நல்ல விலையாம்! நமக்கு அச்செலவு வேண்டியதில்லை. ஒரு பன்பாயும், வீட்டுத் தலையணைகளும், இரண்டு சாரங்களும் போதும்.

உணவுண்டு இரண்டு மணி நேரமாவது கழிந்தபின் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலின் கீழே உருட்டிய தலையணையை வைத்தல் வேண்டும். அப்போது இடுப்பின் இறுக்கம் தானே விடும். தலைக்குக் கீழே மடித்த சாரம். கண்மேல் மெல்லிய கைலேஞ்சி. கைகள் உடலைத் தொடாது விலகி, உள்ளங்கை மேல்நோக்கிக் கிடக்கட்டும். நாள்முழுதும் நின்று வேலைசெய்தோர் கெண்டைக்காலைக் கதிரைமேல் ஏற்றி வைக்கலாம். உடலில் எவ்விடம் அந்தரத்தில் நிற்கின்றதோ அவ்விடத்துக்கு ஒரு துணியை முட்டுக்கொடுத்தலே இம்முறையின் சூட்சுமம். தாங்குவதற்கு ஒன்று இருக்கின்றதென்று அறிந்தாலன்றித் தசை தன் பிடியை விடுவதில்லை. பத்து நிமிடத்திலே தொடங்கி இருபது வரை நீட்டலாம். முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழும் இவ்வூரில் இதையும் கூறவேண்டும்: இதற்கு மந்திரமோ வழிபாடோ வேண்டியதில்லை.

தொழிலால் வாராத களைப்பும் இப்பகுதியில் உண்டு. 1990 ஆகஸ்டில் ஓரிரவு ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. 2004இல் கடல்கோள் வந்தது. 2009இல் யுத்தம் ஓய்ந்தது. வெடியோசை ஓய்ந்தும் செவி ஓயாதவர் இன்னும் இருக்கின்றனர். நாய் குரைத்தாலும் எழுந்திருப்பர். இத்தகையோரை நோக்கிக் கண்ணை மூடு, அசையாதே என்று கட்டளையிடுதல் பெருந்தவறு. கண்ணை மூடியதும் பழைய காட்சிகள் முன்வந்து நிற்கக்கூடும். அவர்கள் விளக்கை அணைக்காமல், கண்ணைத் திறந்தபடியே, சுவரிற் சாய்ந்து வாசலை நோக்கி அமர்ந்து மூன்று நிமிடம் மூச்சைக் கவனித்தாற் போதும். நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகில் இருத்தல் நன்று. அவ்வளவிலும் நடுக்கம் மிகுமானால், உடனே விட்டுவிட்டு உளநல வைத்தியரை நாடவேண்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் அதற்கெனப் பிரிவு உண்டு.

கருப்பம் முதிர்ந்த பெண்கள் மல்லாந்து நெடுநேரம் கிடத்தலாகாது. இடப்புறம் சரிந்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளட்டும். இரத்த அழுத்தத்துக்கு மருந்துண்போர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. மாணவர்க்கும் ஒரு சொல்: இப்பயிற்சி உறக்கத்துக்கு ஈடாகாது. இருபது நிமிடம் சவாசனம் செய்துவிட்டோமென்று இரவு இரண்டு மணிவரை விழித்திருத்தல் கணக்குத் தெரியாத வியாபாரம்.

எழும்போதும் அவசரம் வேண்டாம். விரல்களை மெல்ல அசைத்து, ஒருபுறம் சரிந்து, கையை ஊன்றி எழுந்து சிறிது உட்கார்ந்திருத்தல் வேண்டும். கைத்தொலைபேசி அதுவரை அடுத்த அறையிலேயே இருக்கட்டும்.