மஞ்சள் முக்கோணம்

தென்காசி பக்கத்து ஆய்க்குடி வயல்களில் பிசானப் பருவ நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு. அதற்குக் கீழே மஞ்சள், நீலம், பச்சை. சோதனை விலங்குகளில் பாதி சாக, உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போகவேண்டும் என்பதை வைத்து நிறம் முடிவாகிறது. 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள்.

2013 ஜூலையில் பீகாரின் சாப்ரா அருகே பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அது சிவப்பு. அந்த வகையில் நிறம் பொய் சொல்வதில்லை. சிக்கல் மஞ்சளில். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து மஞ்சள்தான், ஆனால் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சி பற்றிய அச்சத்தையும் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதைக் கைவிட்டது. துளித்துளியாக உள்ளே போவது வளர்கிற மூளையை என்ன செய்யும் என்பதற்கு முக்கோணத்தில் இடமே இல்லை.

60 கிலோ அப்பாவுக்கும் 12 கிலோ பிள்ளைக்கும் ஒரே அளவு நஞ்சு போனால், கிலோ கணக்கில் பிள்ளைக்கு ஐந்து மடங்கு. பிள்ளை தவழ்வதோ தரையில், விரல் எப்போதும் வாயில். எடைக்கு எடை பார்த்தால் மூச்சும் தண்ணீரும்கூட அதற்குத்தான் அதிகம். விலங்குச் சோதனையில் தீங்கு காட்டாத அளவை நூறால் வகுத்து மனிதருக்கு வரம்பு வைப்பது வழக்கம். குழந்தைகளுக்காக இன்னொரு பத்தால் வகுக்கச் சொல்லி அமெரிக்கா சட்டம் போட்டது 1996இல்தான்.

கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970களின் இறுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அந்த மருந்தைத் தடைசெய்தது 2011 மே மாதம். அங்கே எந்தப் பிள்ளையின் குறைபாட்டுக்கு அது காரணம், எதற்கு இல்லை என்ற வழக்காடல் இன்னும் ஓயவில்லை. தெளிப்பதற்கு முன்பே பிள்ளைகளைப் பரிசோதித்துப் பதிந்து வைத்திருந்தால் இவ்வளவு இழுபறி இருந்திருக்காது.

அந்தப் பதிவுக்கு ஆய்க்குடியில் வழி உண்டு. 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து சிகிச்சை தருகிறது. இப்படிக் குழந்தைகளைப் பார்க்கும் எந்த இடத்திலும், வீட்டில் என்ன மருந்து, எங்கே வைக்கிறீர்கள், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அம்மா களையெடுக்கப் போனாரா என்று மூன்று கேள்வி கேட்டு எழுதி வைக்கலாம். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல அது போதாது. பத்து வருடம் கழித்து ஆராய வருகிறவருக்கு உதவும்.

வீட்டுக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். மருந்தடித்த சட்டையைத் தனியாக அலசுங்கள். குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். காலி டப்பாவில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள், மண்ணெண்ணெய்கூட.